கவ்வாத்து மலையில எடுங்க தங்கச்சி

ஹப்புத்தளைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கெம்பஸ் ப்ரொஜெக்டுக்குக் கேட்டிருக்காங்க. அலாஸ்காவுல உறைநிலம் இளகுறத ரேடார் சட்டலைட் வச்சுப் பாக்குறாங்களே, அதே மாதிரி எங்க தேயிலை மலையில மண் ஈரத்த எடுக்கலாமா, டேட்டாவுக்கு காசு கட்டணுமான்னு.

காசெல்லாம் வேணாம், ஐரோப்பாக்காரங்களோட ரேடார் சட்டலைட் சென்டினல்-1 டேட்டா ஃப்ரீ. ஆனா அந்த முறைய அப்பிடியே தூக்கிட்டு வந்தா சரிவராது. டைஎலக்ட்ரிக்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு பொருள் ரேடார் அலைய எப்பிடித் திருப்பி அனுப்பும்னு அத வச்சுத்தான் தெரியும், தண்ணிக்கு அது 80 கிட்ட, காஞ்ச மண்ணுக்கு 3, 4 அப்பிடி, ஐசுக்கும் 3 சொச்சம்தான், அதனால அங்க நிலம் உறைஞ்சு கெடந்தா ரேடார் கண்ணுக்கு காஞ்ச மண்ணு, இளகுனா சடார்னு சிக்னல் ஏறும். ஐஸ் தண்ணியாகி சுருங்குறப்போ நிலம் இறங்குறதையும் ரெண்டு படத்த ஒப்பிட்டு எடுத்துருவாங்க. உறைநிலம்னா ரெண்டு வருஷமாச்சும் விடாம 0 டிகிரிக்கு மேல போகாத நிலம், நமக்கு நுவரெலியாவுல ஜனவரி பனியில கொழுந்து கருகுறதோட சரி.

நம்ம ஊருல ஈரம் கூடுறதும் குறையுறதும் சின்னச் சின்னதா, அதுக்கு மேல தேயிலை வேற மூடிக் கெடக்கு. சென்டினலோட அலைநீளம் சுமார் 5.5 செ.மீ., அது இலையிலயே பட்டுத் திரும்பிரும், நீங்க மண்ணுன்னு நெனச்சு கொழுந்த அளந்துக்கிட்டு இருப்பீங்க. அதான் சொல்றேன், புதுசா கவ்வாத்து வெட்டுன, அதாவது செடிய கிளையோட கழிச்சு விட்ட மலையாப் பாத்து எடுங்க, குச்சிதான் நிக்கும், மண்ணு தெரியும். 2025 ஜூலையில நாசாவும் இஸ்ரோவும் சேந்து ஏவுன நிசார் ரேடார் சட்டலைட்டுல 24 செ.மீ. அலையும் இருக்கு, அது இலையத் தாண்டி கொஞ்சம் நல்லாவே இறங்கும்.

செங்குத்துச் சரிவுல படம் மடிஞ்சு விழும், அந்த இடத்த விட்டுருங்க. ஒரே பாதையில, ஒரே திசையில 12 நாளைக்கு ஒருக்கா வர்ற படங்கள மட்டும் ஒப்பிடுங்க. காலையில 6 மணிப் படம்னா இலையில பனித்தண்ணி நிக்கும், அதுவும் கணக்கக் குழப்பும்.

இன்னொண்ணு, இது மேல் 5 செ.மீ. ஈரந்தான். 2014ல மீரியபெத்த தேயிலைத் தோட்டம் சரிஞ்ச மாதிரி ஆழத்துல தண்ணி ஊறுறது இதுல தெரியாது, லயத்து ஆளுங்க கேட்டா மண்சரிவ சொல்லிருவேன்னு வாக்குக் குடுத்துராதீங்க.

சட்டலைட் போற அன்னைக்கே மண்ணு எடுத்து நிறுத்துட்டு, 105 டிகிரி அவன் அடுப்புல 24 மணி நேரம் காயவச்சு திரும்ப நிறுங்க. 250 கிராம் 200 ஆனா, போன 50ஐ காஞ்ச மண்ணு 200ஆல வகுக்கணும், ஈரம் 25 சதவீதம். பொலித்தீன் பைய மலையிலயே இறுக்கிக் கட்டிருங்க, நான் மொதத் தடவை கட்டாம வந்து பாதி ஈரத்த பஸ்ஸுலயே விட்டுட்டேன்.