1,457 யார்டு மிச்சம் வைத்துவிட்டுப் போன பேரி சாண்டர்ஸ்

கேள்வி: உச்சத்தில் இருக்கும்போதே விளையாட்டை விட்டு விலகியவர்களில் உங்களை அதிகம் யோசிக்கவைத்தவர் யார்? ஏன்?

பேரி சாண்டர்ஸ். அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காகப் பத்து ஆண்டுகள் ஆடியவர். 1999 ஜூலை 27 அன்று தன் சொந்த ஊரான விச்சிட்டாவின் நாளிதழுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஆட்டத்தில் தொடரும் ஆசையைவிட அதை விட்டுப் போகும் ஆசை தனக்கு அதிகமாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். பத்திரிகையாளர் சந்திப்பு கிடையாது, தழுதழுத்த குரல் கிடையாது. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது, ஆள் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். வயது 31.

அப்போது வால்டர் பேட்டனின் 16,726 யார்டுதான் அந்த விளையாட்டில் ஒருவர் பந்தோடு ஓடிச் சேர்த்த மிக அதிகத் தூரம். சாண்டர்ஸிடம் இருந்தது 15,269. மிச்சம் 1,457. அதற்கு முந்தைய பருவத்தில் மட்டும் அவர் ஓடியது 1,491 யார்டு. கணக்கு உங்களுக்கே புரியும்.

நான் அப்போது டெட்ராய்ட் புறநகரில் கார் உதிரி பாகங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். போய்ச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முந்தைய நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்துக்கு என் பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்கு அழைத்திருந்தார். அந்த நாளில் டெட்ராய்ட் அணி சொந்த ஊரில் ஆடுவது 1934இல் தொடங்கிய வழக்கம். வான்கோழியைத் தொடாமல் உருளைக்கிழங்கையும் சோளத்தையும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். நான் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் அது. பிட்ஸ்பர்க்குடன் 16-16 என்று சமனாகி, கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டினார்கள். பிட்ஸ்பர்க்கின் ஜெரோம் பெட்டிஸ் பூ என்றார். நடுவர் காதில் தலை என்று விழுந்தது. ஊரே இன்றுவரை பேசுகிற சண்டை அது. டெட்ராய்ட் 19-16 என்று வென்றது. எனக்கோ நாணயத்தைத் தவிர அன்று எதுவும் புரியவில்லை.

என் குழப்பத்தைப் பார்த்து அந்த மனிதர் திரையில் 20ஆம் எண் சட்டையைக் காட்டி, "மற்றதை விடு, இவனை மட்டும் பார்" என்றார். அப்படித்தான் அந்த விளையாட்டுக்குள் போனேன்.

சடுகுடு தெரிந்தவர்களுக்கு, பந்தைச் சுமந்து ஓடுகிற ரன்னிங் பேக்கின் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சாண்டர்ஸின் இடம் அதுதான். பாடிப் போகிறவன் எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து, பிடிக்க வருகிற ஏழு பேரிடமிருந்து தப்பித் திரும்பி வரவேண்டும். இங்கே பிடிக்க வருகிறவர்கள் பதினொருவர். கையில் பந்து, திரும்பி வரும் பேச்சே இல்லை, முன்னால் மட்டும்தான் போகவேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் அணி பத்து யார்டு நகர்ந்தால் பந்து அவர்களிடமே இருக்கும். முன்வரிசைத் தடியர்கள் எதிரிகளைத் தள்ளி ஒரு சந்து திறப்பார்கள். ரன்னிங் பேக் அதற்குள் புகுவான். மூன்று, நான்கு யார்டில் யாராவது வந்து மோதிக் கீழே சாய்ப்பார்கள். எழுந்து, மறுபடியும் அதே. சாண்டர்ஸ் பத்துப் பருவங்களில் இப்படி 3,062 முறை பந்தைச் சுமந்திருக்கிறார். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மோதலில்தான் முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உயரம் ஐந்தடி எட்டங்குலம். இந்த உயரத்துக்காகவே பல கல்லூரிகள் அவரைச் சீண்டவில்லை. எடுத்துக்கொண்ட ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் தர்மன் தாமஸ் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரருக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் முறை வந்தது. பதினொரு ஆட்டங்களில் 2,628 யார்டு, ஓடியே 37 டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியது 37 முறை. கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ஆள் டோக்கியோவில் ஓர் ஆட்டத்துக்காகப் போயிருந்தார். அப்பா வில்லியம் சாண்டர்ஸ் கூரை வேயும் தொழிலாளி. மகன் எவ்வளவு ஓடினாலும், பழைய தலைமுறை ரன்னிங் பேக் ஜிம் பிரவுனைப் போல் ஒருவன் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஜிம் பிரவுனும் முப்பது வயதில், சாதனையைத் தன் கையில் வைத்துக்கொண்டே ஆட்டத்தை விட்டவர்தான்.

சாண்டர்ஸ் ஓடுவதைச் சொல்லில் கொண்டுவருவது கஷ்டம். இருந்தாலும் முயல்கிறேன். திறக்க வேண்டிய சந்து திறக்காது. மற்றவர்கள் தலையைக் குனிந்து முட்டிக் கிடைத்த ஒரு யார்டை எடுத்துக்கொள்வார்கள். இவர் நின்றுவிடுவார். ஓட்டத்தின் நடுவே, மூன்று பேர் பாய்ந்து வரும்போது, ஒரு கணம் முழுதாக நிற்பார். பிறகு பின்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு தாவல், மைதானத்தின் மறுகோடிக்கு ஒரு வளைவு. 1994இல் நியூ இங்கிலாந்து அணியுடனான ஆட்டத்தில் ஹார்லன் பார்னெட் என்ற தடுப்பாளர் அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். சாண்டர்ஸ் இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போக, பார்னெட் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காற்றைப் பிடித்தார். அந்தத் துண்டுக் காட்சியை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். இடது கால் எப்போது தரையைத் தொட்டது என்று இன்னும் பிடிபடவில்லை.

இந்த நழுவலுக்கு விலையும் உண்டு. பின்னால் போய் வளைய நினைத்து அங்கேயே மாட்டிக்கொண்டால் கையில் இருந்த யார்டும் போகும். 1994இன் கடைசி நாளில் கிரீன் பேயில் நடந்த பிளே ஆஃப் (பருவம் முடிந்தபின் வரும், தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில் பதின்மூன்று முறை பந்தை எடுத்து ஓடி, மொத்தக் கணக்கு மைனஸ் ஒரு யார்டு! அந்தப் பருவம் முழுதும் 1,883 யார்டு ஓடிய மனிதர். டச் டவுன் கோட்டுக்கு ஓரிரு யார்டு இருக்கும்போது அவரை வெளியே அழைத்துக்கொண்டு முட்டி மோதும் வேறொருவரைப் பயிற்சியாளர் அனுப்பியதும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை என்றாலும் காரணம் புரிகிறது.

1997 அவருடைய பொற்காலம். முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்ந்து 53 யார்டுதான். முடிந்துவிட்டது இவர் கதை என்று பேச ஆரம்பித்தார்கள். அடுத்த பதினான்கு ஆட்டங்களிலும், ஒன்றுவிடாமல், நூறு யார்டுக்கு மேல் ஓடினார். மொத்தம் 2,053. ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிய மூன்றாவது ஆள். ஆனால் அந்த இரண்டாயிரத்தைத் தொட்ட கடைசி ஆட்டத்தில்தான் அவருடைய சக ஆட்டக்காரர் ரெஜி பிரவுன் ஒரு மோதலில் தண்டுவடம் அடிபட்டு அசைவின்றிக் கிடந்தார். மைதானத்திலேயே செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டியிருந்தது. பிழைத்து நடக்கவும் செய்தார், ஆட முடியவில்லை. 1991இல் இதே அணியின் மைக் அட்லி களத்தில் விழுந்தவர் அதன்பின் சக்கர நாற்காலிதான். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்த மனிதருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

அவரே பிற்பாடு சொன்ன காரணம் வேறு. தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது என்பதுதான். அவர் இருந்த பத்துப் பருவங்களில் அணியின் கணக்கு 78 வெற்றி, 82 தோல்வி. பிளே ஆஃபில் ஒரே ஒரு வெற்றி. அவருக்குச் சந்து திறந்துவிட்ட முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நடுவில் நின்று தோள் கொடுத்த கெவின் குளோவரை 1997 பருவத்துக்குப் பின் அணி விட்டுவிட்டது. ஜெயிக்கும் எண்ணமே நிர்வாகத்துக்கு இல்லை என்று அன்றே மனம் கசந்திருக்கிறது.

பக்கத்து மேசைக்காரருக்கு இந்த விளக்கமெல்லாம் செல்லாது. ஃபேக்ஸ் செய்தி வந்த மறுநாள் காலை அலுவலகத்தில் துக்க வீட்டுக் களை. "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், மாற்று ஆளைத் தேட வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனது அவர் பார்வையில் துரோகம். நிர்வாகமும் சும்மா விடவில்லை. ஒப்பந்தத்தின்போது கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு வழக்காடி, அதைக் கட்டவும் வைத்தது. நானும் அன்று பக்கத்து மேசைக்காரர் கட்சிதான். போகிற உரிமை அவருக்கு இருந்தது, போன விதம் சரியில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அதே 1999 அக்டோபரில் டென்வரின் டெரெல் டேவிஸுக்கு நடந்தது என் கோபத்தைக் கொஞ்சம் தணித்தது. முந்தைய பருவத்தில் 2,008 யார்டு ஓடியவர். வயது 26. அவர் ஓடும்போது அடிபடவில்லை. எதிரணி பிடுங்கிய பந்தைத் துரத்தி ஒருவரை மடக்கப் போய் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. பழைய ஓட்டம் திரும்பவே இல்லை. இந்தத் தொழிலில் கால் போன மறுநாள் கறிவேப்பிலை கதைதான். அடுத்த வசந்தத்தில் கல்லூரியிலிருந்து மலிவாக இன்னொரு பையன் வந்துவிடுவான். அடுத்த மாதமே, நவம்பர் 1 அன்று, வால்டர் பேட்டன் 45 வயதில் நோயில் இறந்துபோனார். சாதனை அவர் பெயரில் இருக்கும்போதே போனார். 2002இல்தான் டல்லாஸின் எம்மிட் ஸ்மித் அதை முறியடித்தார்.

சாண்டர்ஸுக்குச் சாதனைமேல் பெரிய பிடிப்பு இல்லை என்பதை முதல் பருவத்திலேயே காட்டியிருந்தார். எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. 1989இன் கடைசி ஆட்டம், அட்லாண்டாவில். லயன்ஸ் வெற்றி கிட்டத்தட்ட உறுதி. அந்த ஆண்டு அதிகம் ஓடியவர் என்ற பட்டத்தைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு இன்னும் பத்து யார்டு போதும். உள்ளே போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். பட்டம் பெற்ற கிறிஸ்டியன் ஒகோயே 1,480, சாண்டர்ஸ் 1,470. அந்த ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பத்து யார்டை விட மனம் வந்திருக்கும்?

2004இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். மேடையில் மகனை அறிமுகம் செய்தது அந்தக் கூரைத் தொழிலாளி அப்பா. 2023 செப்டம்பரில் டெட்ராய்ட் மைதானத்துக்கு வெளியே சிலையும் வைத்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட பக்கத்து மேசைக்காரர் அதன் முன் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். மேலே பழைய 20ஆம் எண் சட்டை, வயிற்றில் இறுக்கமாக. கீழே ஒரே வரி: "இன்னும் மன்னிக்கவில்லை."

நேரம் இருந்தால் அவருடைய டச் டவுன்களைத் தேடிப் பாருங்கள். ஓட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கோட்டைத் தாண்டிய பிறகு வரும் இரண்டு விநாடியையும் பாருங்கள். மற்றவர்கள் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார்கள், ஆடுவார்கள். இவர் நடுவர் எங்கே நிற்கிறார் என்று தேடி, பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நடப்பார்.