தீட்டிப் பழக எந்தச் சவரக்கத்தி?

கேள்வி: மடக்குச் சவரக்கத்தியை நானே கல்லில் தீட்டக் கற்றுக்கொள்ள ஆசை. விலை குறைந்த சீனக் கத்தி கோல்டு டாலர் 66, இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்தி ஒன்று, ஜெர்மனியின் புது சோலிங்கன் கத்தி என்று மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். பழகும்போது பாழானாலும் பரவாயில்லை என்று மலிவானதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பழகுவதற்கு வாங்கும் கத்தி மலிவாக இருப்பதைவிட நேராக இருப்பதுதான் முக்கியம்.

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை உங்கள் கை பிடிக்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலை கத்தியின் முதுகுக்கு, அதாவது தடித்த பின்பக்கத்துக்கு. முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பு) ஒரே நேரத்தில் கல்லில் படிந்தால் கோணம் தானாக அமையும். 5/8 அங்குலக் கத்தியின் அகலம் சுமார் 16 மி.மீ.; முதுகு 4.5 மி.மீ. கனமிருந்தால் கோணம் 16 டிகிரியை ஒட்டி வரும். அலகு முறுக்கியிருந்தாலோ, முதுகின் கனம் இடத்துக்கு இடம் மாறினாலோ, வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடவே தொடாது. பழகியவர் கையைச் சற்று உருட்டிச் சமாளித்துவிடுவார். புதியவருக்கோ குறை கையிலா கத்தியிலா என்றே தெரியாது. பலர் இந்தக் கலையை விட்டுவிடுவது இங்கேதான்.

கோல்டு டாலரின் எஃகு மோசமில்லை, கூர் ஏறும். சிக்கல் வடிவத்தில். கைப்பிடிப் பக்கமுள்ள தடித்த மேடு கல்லின் ஓரத்தில் ஏறி அலகைத் தூக்கிவிடும். அதை அரைத்துச் சரிசெய்த பிறகுதான் தீட்டவே முடியும். ஷெஃபீல்டின் 19ஆம் நூற்றாண்டு ஆப்பு வடிவக் கத்திகள் அழகானவை, ஆனால் பக்கங்களில் குழிவு இல்லாததால் நிறைய எஃகு தேய வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம். கைப்பிடி தந்தம் என்று விற்றால் தொடவே வேண்டாம். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது.

என் தேர்வு உங்கள் பட்டியலில் இல்லாதது: 20ஆம் நூற்றாண்டில் செய்த, பயன்படுத்திய சோலிங்கன் கத்தி. அகலம் 5/8 அல்லது 6/8, பக்கங்கள் குழிவாக அரைத்தது. (அந்த ஊர்ப் பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. போலி முத்திரைகளும் உண்டு என்பதால் பெயரோடு நின்றுவிடாதீர்கள்.) சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா கத்தி கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முதுகை மேலிருந்து, அலகை இரு பக்கமும், வாயை மிக அருகில். முதுகில் கல் பட்ட பட்டை முழு நீளத்துக்கும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். வாய் நடுவில் உள்வாங்கியிருந்தாலோ, விளிம்பில் விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். வாயை ஒட்டிய துருக்குழியும் ஆகாது. தீட்டத் தீட்ட அது விளிம்பில் பல்லாக வெளிப்படும். அலகின் நடுவில் கறை, கைப்பிடியில் கீறல் இவையெல்லாம் விலையைக் குறைக்கப் பயன்படும் குறைகள்தான்.

முடிந்தால், தேர்ந்தவர் தீட்டி சவரத்துக்குத் தயாராக்கிய இன்னொரு கத்தியும் வாங்குங்கள். நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதை நோக்கித் தீட்டுவது? ஒன்றுக்குத்தான் காசு என்றால் அதையே வாங்கி, தோல்வாரில் பதம் காத்து, கூர் மழுங்கும்போது நுண்ணிய மணியுள்ள வழவழப்பான கல்லில் மட்டும் தொடங்குங்கள். 1000 என்று எண் போட்ட சொரசொரப்பான கல் பிறகு போதும்.

கத்தி கைக்கு வந்ததும் தட்டையான கண்ணாடி மேல் படுக்கவைத்து, இரு முனைகளையும் மாற்றி மாற்றி மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினால் முறுக்கல் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். கல்லில் வைத்துவிட்ட கத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை அரிது.

கேள்வி: சலூனில் வைத்திருக்கும் கத்தியிலேயே பழகலாமா?

பதில்: முடியாது. அதில் சொருகுவது பாதி பிளேடு, தீட்டுவதற்கு அலகே இல்லை. முகத்தில் கத்தி பிடித்துப் பழக மட்டும் அது உதவும்.