ஓவன் வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கேக், பிஸ்கட் எல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. ஒரு கடையில் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கினால் சூடு பண்ண, கேக் சுட எல்லாத்துக்கும் ஆகும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் சமையலறைச் சுவரைப் பாருங்கள் தங்கச்சி. பெரிய ஓட்டை உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா? 25, 30 லிட்டர் ஓடிஜி சுமார் 1500 வாட் இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கின் கணக்கு 1380 வாட்டோடு முடிந்துவிடுகிறது, அதில் பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் மாட்டும் கன்வெர்ட்டர் போட்டு ஓவனை மாட்டினால் பிளக் சூடாகிக் கருகலாம். பவர் பிளக் இல்லையென்றால் வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஓவன் அப்புறம்.

பேக்கிங் மட்டும்தான் ஆசை என்றால் ஓடிஜி போதும், விலையும் குறைவு. குழம்பு சூடு பண்ண, பால் காய்ச்ச என்று தினமும் தொடுவீர்கள் என்றால் மட்டும் கன்வெக்‌ஷன். அதில் தட்டு சுற்றும் என்பதால், வாங்கப்போகும் கேக் டின் உள்ளே இடிக்காமல் சுற்றுமா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். கோடையில் சாயந்திரம் தெருவே ஏசி போட்டு வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால், ஓவனின் சூடாக்கும் சக்தி கிட்டத்தட்ட முக்கால் பங்காகிவிடும். குறிப்பில் 35 நிமிடம் என்று போட்டிருக்கும், உங்களுக்கு ஓவன் சூடேறவே கூடுதல் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் எடுத்தால் நடுவில் மாவாகவே இருக்கலாம். நான் இது தெரியாமல் இரண்டு கேக்கைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பேக்கிங் பவுடரைத் திட்டினேன். மே மாதத்தில் காலையிலேயே சுட்டு முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் ஒரே எடை சாக்லேட் கட்டி இரண்டு விலையில் இருக்கிறது. விலை குறைந்தது போலியா?

பதில்: போலி இல்லை, அது காம்பவுண்ட். பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள், எது அதிக எடையோ அதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது விதி. கோகோ பட்டர் என்று இருந்தால் அசல் சாக்லேட், அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட். ருசியில் அசல்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், நம்ம வேலூர் வெயில் 40 தாண்டும், மேலே ஊற்றி அலங்கரித்த கேக்கை ஸ்கூட்டியில் சத்துவாச்சாரி வரை கொண்டுபோய்ப் பாருங்கள் புரியும். அலங்காரத்துக்குக் காம்பவுண்ட், கேக் மாவுக்குள் அசல், இதுதான் என் வழக்கம். சில்லறையாகக் கட்டிக் கொடுக்கும் பேக்கிங் பவுடர் மட்டும் வேண்டாம், எப்போது தயாரித்தது என்றே தெரியாது. வீட்டில் இருப்பதில் சந்தேகம் என்றால் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள், பொங்காவிட்டால் தூக்கிப் போடலாம்.

கேள்வி: வாங்கி பத்து நாள்தான் ஆகிறது, ஓவனில் கீழ்க் கம்பி சூடாவதே இல்லை. கடையில் கேட்டால் கம்பெனியிடம் பேசுங்கள் என்று கைகழுவுகிறார்கள்.

பதில்: பில் இருக்கிறதா? இருந்தால் கடை, கம்பெனி இரண்டு பேருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. வாயால் சொன்னது எதற்கும் ஆதாரம் ஆகாது. அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த குறிப்பை அப்படியே செய்தும் கேக் கல் மாதிரி வருகிறதே?

பதில்: அவங்க டம்ளரும் உங்க டம்ளரும் ஒன்றா? அங்கேதான் கோளாறு. ஒரே கப்பில் மைதாவைத் தளரப் போட்டால் 120 கிராம், அழுத்திப் போட்டால் 150. கேக் டின்னை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், 500 ரூபாய்க்குள் ஒரு கிச்சன் தராசை முதலில் வாங்குங்கள்.

களிக்கு வைத்திருக்கும் கேழ்வரகு மாவில் நான் செய்வது இது, எடை போட்டே செய்யுங்கள். கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், எல்லாம் சேர்த்துச் சலியுங்கள். நாட்டுச் சர்க்கரை 150 கிராம், புளித்த தயிர் 200 கிராம், எண்ணெய் 100 மில்லி கலந்து மாவை அதில் கொட்டிப் புரட்டுங்கள், அடிக்க வேண்டாம், கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். சோடா பொங்குவதற்குத் தயிரின் புளிப்பு வேண்டும், அதனால் புதுத் தயிர் வேண்டாம். ஏழு அங்குல டின்னில் 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். முதல் துண்டை அந்த அக்காவுக்குக் கொடுக்கும்போது கிராம் எழுதின சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுவாங்க.