பிரைவசி கிளாஸ் ஒட்டினால் பின் நம்பர் பத்திரமா?

கேள்வி: தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர் யுபிஐ பின் நம்பரைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்து போனுக்குப் பிரைவசி கிளாஸ் ஒட்டினேன். இப்போது கைரேகை சரியாக எடுப்பதில்லை, வெயிலில் திரையும் தெரிவதில்லை. கழற்றிவிடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் எதற்காக ஒட்டினீர்களோ அந்த வேலையை இந்தக் கண்ணாடி செய்யாது. பின் போடும் இடத்தில் எண்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும்; போட்ட எண்ணோ வெறும் புள்ளியாகத்தான் தெரியும். எனவே பார்க்கிறவன் கவனிப்பது திரையை அல்ல, உங்கள் கட்டைவிரல் எங்கே போகிறது என்பதை. விரலை எந்தக் கண்ணாடியும் மறைக்காது. மற்றக் கையால் மறைத்துக்கொண்டு போடுங்கள். சின்னச் செலவுக்கு யுபிஐ லைட் (ஆப்பிலேயே கொஞ்சம் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் வசதி) வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் நம்பரே கேட்காது.

வாட்ஸ்அப், போட்டோ, வங்கி இருப்பு இவற்றைப் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து மறைக்க இது உதவும். உள்ளே மிக மெல்லிய கறுப்புப் பட்டிகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. நேரே வரும் வெளிச்சத்தை விடும், சுமார் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து போவதைத் தடுக்கும். அந்தப் பட்டிகள் கொஞ்சம் வெளிச்சத்தையும் விழுங்குவதால்தான் வெயிலில் மங்குகிறது. அது பொருளின் இயல்பு.

ஆனால் பஸ்ஸில் உங்கள் பின்னால் நிற்பவரை மறந்துவிடாதீர்கள். அவர் பக்கவாட்டில் இல்லை. உங்கள் தோளுக்கு மேலாக, ஏறக்குறைய உங்கள் கண் போகும் திசையிலேயே பார்க்கிறார். உங்களுக்குத் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். போனைப் படுக்கையாகத் திருப்பினால் பட்டிகளும் படுத்துவிடும். அப்போது பக்கத்து சீட்டுக்காரருக்கும் தெரியும். 'பின்னாலிருந்துகூடத் தெரியாது' என்று சொல்லி விற்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

வெறும் கறுப்புச் சாயம் பூசியதையும் பிரைவசி என்று தலையில் கட்டுகிறார்கள். ஒட்டும் முன் எரியும் திரைமேல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கினால் அது போலி. அட்டையில் போட்டிருக்கும் '9எச்' என்பது பென்சில் கீறலைத் தாங்கும் அளவு, கீழே விழுந்தால் உடையாது என்ற உத்தரவாதம் அல்ல. திரவப் பசை ஊற்றி விளக்கில் காய வைக்கும் வகையை வேண்டவே வேண்டாம் என்பேன். பசை ஸ்பீக்கருக்குள் இறங்கினால் செலவு உங்களுடையது.

அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் அதிகபட்ச விலையும் இருக்க வேண்டும். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். சட்டம் அழகாக இருக்கிறது. கடை கடையாகப் போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. முந்நூறு ரூபாய்க்காக நாகர்கோவிலில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு யார் அலைவார்கள்? அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போனாவது போடுங்கள்.

சரி, கைரேகை. சென்சார் திரைக்கு அடியில் இருந்தால் பழைய ரேகையை அழித்து, கண்ணாடியோடு புதிதாகப் பதிந்து பாருங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் கழற்றிவிடுங்கள். கத்தி வைக்காமல், ஒரு மூலையில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும்.