வால் அறுந்த எதிரொலி

கேள்வி: பழைய தேவாலயக் குழல் ஆர்கனைப் பதிவுசெய்து, வீட்டில் கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் கிராண்ட்ஆர்க் மென்பொருள் வழியாக வாசிக்கும்போது, கட்டையை விட்டதும் எதிரொலி சட்டென்று அறுகிறது. நீண்ட சுரங்களில் ‘டிக்’ சத்தமும் வருகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும், எதிரொலி அடங்குமுன் பதிவை நிறுத்தியிருப்பீர்கள். பெரிய கல் கட்டடத்தில் அது 5, 6 விநாடிகூட நீளும். ஒவ்வொரு சுரத்தையும் மூன்று முறை பதியுங்கள்: கட்டையைக் கால் விநாடி, அரை விநாடி, 5 விநாடிக்கு மேல் என அழுத்தி, எதிரொலி அடங்கும்வரை. சற்றே தொட்டுவிட்டால் கூடத்தில் ஒலி நிரம்பியிருக்காது, ஆகவே அதன் எதிரொலி வாலும் வேறு. 56 கட்டைகள், 10 ஸ்டாப்புகள் (தனித்தனிக் குழல் வரிசைகள்) என்றால் 1,680 பதிவுகள்! சில சுரங்களை மட்டும் பதிந்து மற்றதை அவற்றையே சுருதி மாற்றி நிரப்பினால், குழலுக்குக் குழல் மாறும் குணம் போய்விடும். அப்புறம் பழைய ஆர்கன் எதற்கு?

‘டிக்’ சத்தம் லூப் (சுரத்தை நீட்ட மென்பொருள் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி) இணைப்பில் வருவது. அதன் தொடக்கமும் முடிவும் ஒரே அலைக்கட்டத்தில், ஒரே உரப்பில் இருக்க வேண்டும். லூப் ஒரு விநாடிக்குக் குறைந்தால் துடிப்புக் கேட்கும். ட்ரெமுலன்ட்டை (ஒலியை நடுங்கவைக்கும் அமைப்பு) அணைத்தே பதியுங்கள்.

பதிவுத் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். காற்றூதி இரைச்சலை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிந்தால், பின்னால் அதைக் கழிக்க உதவும். அளவாகக் கழியுங்கள், மிஞ்சினால் மென்குழல்களின் மூச்சொலியும் சேர்ந்து போகும். வெப்பநிலையையும் குறித்துவையுங்கள்: ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரும்.