கோபி ஷோரூமில் இல்லாத பைக்கைக் கோயம்புத்தூரில் எடுக்கலாமா?

தாராளமா எடுக்கலாமுங்க. கோபி, தாராபுரம் மாதிரி ஊர்களில் பெரும்பாலும் சப்-டீலர்தான். மெயின் டீலர் அனுப்புவதைத்தான் விற்க முடியும். டீலர் வண்டியைக் காசு போட்டு எடுத்து, நிற்கும் நாளுக்கெல்லாம் வட்டி கட்டுகிறார். அதனால் சீக்கிரம் விற்றுப்போகும் 100, 125 சிசி வண்டிதான் நிறைய வரும். அபூர்வ நிறத்துக்குக் காத்திருக்கத்தான் வேணும்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாநிலத்துக்குள் எந்த ஆர்டிஓவிலும் பதியலாம். முகவரிச் சான்று கொடுத்து, கோபி ஆர்டிஓவின் TN 36 நம்பர் வேணும்னா பணம் கட்டும் முன்பே சொல்லிடுங்க. பாலக்காட்டில் எடுத்தால் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து இங்கே வரி கட்டணும். அந்த அலைச்சல் வேண்டாம்.

'உடனே டெலிவரி' என்றால்தான் உஷாரா இருக்கணும், ரொம்ப நாள் நின்ற வண்டியா இருக்கலாம். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் வண்டி தயாரித்த மாதம், வருடம் இருக்கும். அதைப் பார்க்காமல் முழுப்பணம் கட்டாதீங்க. டயர் ஓரத்தில் 2324 என்றிருந்தால் டயர் தயாரானது 2024-ன் 23-வது வாரம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கலாம், செயினில் துரு ஏறியிருக்கலாம். மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முழுசா சார்ஜ் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்க, சார்ஜ் நிற்கலைன்னா புது பேட்டரி கேளுங்க.