அப்பா பென்ஷன், என் பென்ஷன்

கேள்வி: சார், அப்பா ரயில்வே ரிட்டயர்டு, பழைய பென்ஷன். நான் 2011ல வேலைல சேர்ந்தேன், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்). பக்கத்து சீட்டுக்காரர் யு.பி.எஸ்.க்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறிட்டார். என்ன வித்தியாசம்? – வாசகர், திருச்சி

பதில்: அப்பாவுக்கு பென்ஷனுக்குன்னு பைசா பிடிக்கல, கடைசி சம்பளத்துல பாதி, டி.ஏ. (அகவிலைப்படி) ஏறினா அதுவும் ஏறும், 2004லேர்ந்து சேர்றவங்களுக்கு அந்தக் கதவை சாத்திட்டாங்க. உங்களுக்கு 10% பிடிச்சு அரசு 14% போட்டு மார்க்கெட்ல போகுது, ரிட்டயர் ஆகும்போது 60% வரை கையில, மிச்சத்துக்கு ஆன்யுட்டி (இன்சூரன்ஸ் கம்பெனில பணத்தைக் கட்டி வாங்குற பென்ஷன்), அது பெரும்பாலும் வருஷா வருஷம் அதே தொகைதான், விலைவாசி ஏறுறத கண்டுக்கவே கண்டுக்காது. யு.பி.எஸ்.ல 25 வருஷ சர்வீஸ் இருந்தா கடைசி 12 மாச பேசிக் சராசரில பாதி, டி.ஆர். (விலைவாசிக்கு ஏத்தபடி பென்ஷன்ல ஏற்றம்) உண்டு, ஆனா சேர்ந்த பணத்துல கை வச்சா பென்ஷன்ல வெட்டு. என் ஓட்டு உங்க பக்கத்து சீட்டுக்காரருக்குத்தான்!